மகன் லைன்பேக்கர் ஆனபோது எனக்கு யாரும் சொல்லாதவை

அமெரிக்காவில் வளரும் நம் பிள்ளைகளில் ஃபுட்பால் (நம்மூர் கால்பந்து இல்லை, அமெரிக்க ஃபுட்பால்) ஆடுகிறவர்கள் குறைவு. அதனால் அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைப்பதில்லை. அரங்கேற்றத்துக்கு எந்த மண்டபம், கணக்குப் போட்டிக்கு எந்த டியூஷன் என்று வாட்ஸப் குழுவில் கேட்டால் பத்து நிமிடத்தில் பதில்கள் குவியும். மகனுக்குத் தலையில் அடிபட்டிருக்கிறது, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை என்கிறான், என்ன செய்யலாம் என்று கேட்டால் "அந்த முரட்டு விளையாட்டுக்கு ஏன் அனுப்பினீர்கள்?" என்ற ஒரே பதில்தான் வரும். அந்தப் பதிலுக்குப் பயந்தே நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கணவருக்கு அப்போது சியாட்டிலில் வேலை. மாதத்தில் ஒரு சனி ஞாயிறு வந்து போவார். ஹூஸ்டனின் மேற்குப் புறநகரில் நானும் மகனும் மட்டும். ஏறக்குறைய ஓராண்டு அலைச்சலும் சுமார் 14,000 டாலரும் போன பிறகு எழுதுகிறேன். இன்னொரு தாய் இதையெல்லாம் நடு இரவில் கூகிளில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

முதலில் அந்த இடம் என்னவென்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆபத்து அங்கிருந்துதான் வருகிறது. தடுக்கும் அணியின் முன்வரிசையில் பெரிய உடம்புக்காரர்கள் நிற்பார்கள். அவர்களுக்கு நாலைந்து கெஜம் பின்னால் நிற்பவர்கள்தான் லைன்பேக்கர்கள். பந்தோடு ஓடி வருபவனை மறித்து வீழ்த்த வேண்டும். பந்தை வீசினால் பின்னால் ஓடித் தடுக்க வேண்டும். சில நேரம், எதிரணியில் பந்தை வீசும் குவாட்டர்பேக் மீதே பாய வேண்டும். கபடியில் ரைடரைப் பிடிப்பது மாதிரி என்று ஊரில் இருக்கும் என் அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் கபடியில் இருவரும் எதிரெதிரே முழு வேகத்தில் ஓடி வந்து மோதுவதில்லை. நடுவில் நிற்கும் லைன்பேக்கருக்கு 'மைக்' என்று பெயர். எதிரணி நிற்கும் நிலையைப் பார்த்து, யார் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று கத்திச் சொல்வது அவன் வேலை. என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கில் 2008 முதல் தடுக்கும் அணியில் ஒருவருடைய ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைக்க அனுமதி இருக்கிறது. பெரும்பாலும் அது மைக் லைன்பேக்கருடையதாகத்தான் இருக்கும்; ஹெல்மெட்டின் பின்னால் ஒரு பச்சைப் புள்ளி ஒட்டியிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் பந்தை ஆடத் தொடங்கக் கொடுக்கும் நேரக் கடிகாரத்தில் 15 வினாடி மிச்சமிருக்கும்போது ரேடியோ அடங்கிவிடும், அதற்குப் பிறகு அவன் மூளைதான். என் மகன் ஆடியபோது பள்ளியில் ரேடியோ எல்லாம் கிடையாது. கோட்டுக்கு வெளியே நிற்கும் கோச் கையால் காட்டும் சைகைகளைப் படித்துச் சொல்ல வேண்டும். என் மகன் சாப்பாட்டு மேசையில் எவர்சில்வர் டம்ளர்களை எதிரணியாகவும் ஊறுகாய் பாட்டிலைக் குவாட்டர்பேக்காகவும் அடுக்கி வைத்துக்கொண்டு வியாழக்கிழமை இரவுகளில் ஒத்திகை பார்ப்பான். சாம்பார் ஆறிப்போகும். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும்.

2022 இலையுதிர் காலத்தில், பதினோராம் வகுப்பில், அவன் பள்ளியின் முதல் அணிக்கு மைக் ஆனான். அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம். பந்தோடு ஓடி வந்த எதிரணி ரன்னிங்பேக்கை இடுப்பைக் கட்டிச் சாய்த்தான். இருவரும் சேர்ந்து விழுந்தபோது இவனுடைய ஹெல்மெட்டின் பின்பக்கம் தரையில் மோதியது. எழுந்தான், கையைத் தட்டினான், தொடர்ந்து ஆடினான். ஆட்டம் முடியும்வரை யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை, அவனுக்குப் பின்னால், கடைசி வரிசைத் தடுப்பாளனான சேஃப்டியாக ஆடும் பையனின் அம்மா என்னை ஃபோனில் அழைத்தார். முன்வரிசையை இரண்டு முறை தவறான பக்கம் அனுப்பினானாம். நம் அணி எத்தனை புள்ளி என்று நடுவில் கேட்டானாம். "என் பையன் கோச்சிடம் சொல்லப் பயப்படுகிறான், அதனால் உங்களிடம் சொல்கிறேன்" என்றார். அவரோடு அதற்கு முன் இரண்டு வார்த்தைக்கு மேல் நான் பேசியதில்லை. டிக்கெட் கவுண்டரிலும் பாப்கார்ன் கடையிலும் முறை வைத்து வேலை செய்யும் அந்த அம்மாக்களோடு பழகி வையுங்கள். உங்கள் மகனைப் பற்றிய முதல் உண்மை அவர்கள் பிள்ளைகள் வழியாகத்தான் வரும்.

அன்று மதியம் தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸியை ஓட்டினேன். மாடியிலிருந்து இறங்கி வந்து, சமையலறை வாசலில் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். குழந்தையில் தீபாவளி வெடிக்குக்கூட அப்படி நின்றதில்லை. தலை வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு கல்லூரியின் கோச் ஆட்டம் பார்க்க வருவதாக இருந்தது, இதை அவன் சொன்னது பல நாள் கழித்து. இந்த வயதுப் பையனிடம் "வலிக்கிறதா?" என்று கேட்பதில் பயனில்லை, அதற்கு ஒரே பதில்தான் உண்டு. ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிறானா என்று பாருங்கள். நேற்றைய ஆட்டத்தை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே விடுபடுகிறது என்று உங்களுக்கே தெரியும். இத்தனைக்கும் செப்டம்பர் கடைசியில் மயாமி அணியின் குவாட்டர்பேக் டுவா டகோவைலோவா சின்சினாட்டியில் தலையில் அடிபட்டு விரல்கள் விறைத்துக் கிடந்ததை, நானும் இவனும் சோபாவில் உட்கார்ந்து சேர்ந்தே பார்த்திருந்தோம். நான்கு நாளுக்கு முந்தைய ஆட்டத்தில் தடுமாறிய மனிதரை ஏன் ஆடவிட்டார்கள் என்று இவனே கோபப்பட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வாந்தி எடுத்தான். பயந்துபோய் வீட்டுக்கு அருகில், கடைத் தொகுதிக்குள் இருந்த ஒரு அவசர சிகிச்சை மையத்துக்கு அழைத்துப் போனேன். டெக்ஸாஸ்காரர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். சளி காய்ச்சலுக்குப் போகும் 'அர்ஜென்ட் கேர்' ஒரு வகை. மருத்துவமனையோடு ஒட்டாமல் தனியே இயங்கும் எமர்ஜென்சி மையம் வேறு வகை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி கண்ணாடிக் கதவு, ஒரே மாதிரி சிவப்பு எழுத்து. பில் மட்டும் முழு எமர்ஜென்சி கட்டணத்தில் வரும். எங்கள் காப்பீடு, குறிப்பிட்ட தொகைவரை நாமே கையிலிருந்து செலுத்த வேண்டிய வகை. ஸ்கேனும் மருத்துவர் பார்த்ததும் சேர்த்து 3,900 டாலர் என் தலையில் விழுந்தது. வாந்தி, குழப்பம், அடித்துப் போட்டாற்போல் உறக்கம் என்றால் பணத்தைப் பார்க்காமல் எமர்ஜென்சிக்குத்தான் போக வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் காப்பீட்டு வலைக்குள் (நெட்வொர்க்) இருக்கும் மருத்துவமனை எது, குழந்தைகளுக்கான எமர்ஜென்சி எது என்று ஆகஸ்ட் மாதமே பார்த்து, முகவரியை ஃபோனில் போட்டு வைத்துவிடுங்கள்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். காரில் வரும்போது இருவருக்கும் அப்படி ஒரு நிம்மதி; வழியில் ஐஸ்கிரீம்கூட வாங்கிக் கொடுத்தேன். சி.டி. ஸ்கேன் தேடுவது மண்டைக்குள் ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இருக்கிறதா என்று மட்டும்தான். கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வு அதில் தெரியாது. ஸ்கேன் சுத்தமாக இருப்பவனுக்கும் அது இருக்கலாம், இவனுக்கு இருந்தது. திங்கள்கிழமை பள்ளியில் வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் அத்லெட்டிக் டிரெய்னர்தான் அதைக் கண்டுபிடித்தார். மாதங்களின் பெயரைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார், ஒரு கோட்டில் குதிகால் விரல் ஒட்ட நடக்கச் சொன்னார். செப்டம்பருக்கும் ஜூலைக்கும் நடுவில் இவன் நின்றுவிட்டான். சீசன் தொடங்கும் முன் பள்ளியில் கணினியில் ஒரு அடிப்படைச் சோதனை எடுப்பார்கள். அந்த மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தச் சோதனையின் பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வெளியே பார்க்கும் மருத்துவருக்கு அது பொன் போன்றது. சில பையன்கள் பின்னால் வசதியாக இருக்கட்டும் என்று அதில் வேண்டுமென்றே மெதுவாகப் பதில் சொல்வதும் உண்டு. மகனை முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள்.

டெக்ஸாஸில் 2011 முதல் நடாஷா சட்டம் என்று ஒன்று இருக்கிறது. மூளை அதிர்வு என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை உடனே வெளியேற்ற வேண்டும், அன்றைக்கு மீண்டும் இறக்கக் கூடாது. திரும்பி வர, பெற்றோர் தேர்ந்தெடுத்த மருத்துவரின் எழுத்து வேண்டும். பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும். கோச்சுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரமே கிடையாது. இது எனக்குத் தெரியாது. "நம்ம டாக்டரிடமே காட்டிவிடலாம், வேகமாக முடிந்துவிடும்" என்று பள்ளித் தரப்பில் ஒருவர் ஃபோனில் அன்பாகச் சொன்னபோது, தட்ட முடியாதோ என்று இரவு முழுக்கத் தவித்தேன். நீங்கள் தவிக்க வேண்டாம். நன்றி சொல்லிவிட்டு, குழந்தைகளின் மூளைக் காயத்தைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் போங்கள். திரும்புவது படிப்படியாகத்தான்: நடை, ஓட்டம், பந்தோடு பயிற்சி, மோதல் உள்ள பயிற்சி, ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு முழு நாள். அறிகுறி திரும்பினால் ஒரு படி கீழே.

இருட்டறையில் போட்டுப் பூட்டி வைப்பதும் பழைய வைத்தியம் என்று மூன்றாம் வாரம்தான் தெரிந்தது. முதல் ஓரிரு நாள் ஓய்வு போதும், பிறகு தலைவலி கூடாத அளவுக்கு நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அதுவரை நான் ஜன்னல்களைப் போர்வையால் மூடி, அவன் பள்ளிக்குப் போன பிறகு மிக்ஸி போட்டு, கோயம்புத்தூரிலிருந்து மாமியார் வீடியோவில் வந்தால் "படிக்கிறான் அத்தை" என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். அவன் முகத்தை எப்படிக் காட்டுவது? தலைசுற்றலுக்குத் தனிப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார்கள் என்பதும் தாமதமாகத்தான் தெரிந்தது. போனதும் நன்றாகத் தேறினான். பள்ளி கவுன்சிலரிடம் முதல் வாரமே எழுத்தில் கேளுங்கள்: தேர்வுகளைத் தள்ளிவைக்க, திரைக்குப் பதில் அச்சிட்ட தாள் கொடுக்க, மதிய உணவைச் சத்தமில்லாத இடத்தில் சாப்பிட. டெக்ஸாஸில் எந்தப் பாடத்திலாவது 70-க்குக் கீழே போனால் ஆட முடியாது என்று விதி இருக்கிறது. இவனுக்கு வேதியியல் 64-க்கு இறங்கியது. அதற்கு அவன் அழுத அழுகை, அடிபட்டதற்குக்கூட அழவில்லை.

பொங்கலுக்குள் முழுதாகத் தேறிவிட்டான். அதற்குப் பிறகு நடந்தது பண விஷயம். சீசனின் பாதியை இழந்ததால் கல்லூரிகளின் கண்ணில் படவில்லை என்ற பதற்றத்தில் இருந்தான். அந்தப் பதற்றத்தைத் தின்று வாழ ஒரு தொழிலே இருக்கிறது. "உங்கள் வீடியோவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்" என்று மின்னஞ்சல் வரும். தேர்ந்தெடுக்கப்பட்டவன் 400 டாலர் கட்டி, விமானத்தில் போய், ஹோட்டலில் தங்கி, ஒரு மைதானத்தில் நூற்றுக்கணக்கான பையன்களோடு ஓடிக் காட்ட வேண்டும். கல்லூரிகளுக்கு நம் பிள்ளையை அறிமுகப்படுத்துகிறோம் என்று ஒரு சேவைக்கு 2,800 டாலர் கட்டினேன். முகாம்களும் பயணமும் சேர்ந்து 4,000 டாலருக்கு மேல் போனது. வந்தவை எல்லாம் ஆயிரம் பேருக்கு ஒன்றாக அனுப்பிய கடிதங்கள். ஒரு கோச் உண்மையிலேயே ஆர்வமாக இருந்தால் பெயர் சொல்லி, எந்த ஆட்டத்தில் என்ன செய்தான் என்று எழுதுவார். பள்ளிக் கோச்சுக்கு ஃபோன் செய்வார். கல்லூரிகள் தங்கள் மைதானத்திலேயே கோடையில் நடத்தும் முகாம்களுக்குக் கட்டணம் குறைவு. அங்கே பார்ப்பவரும் அந்தக் கல்லூரியின் கோச்தான். வாயால் சொன்ன 'ஆஃபர்' யாரையும் கட்டாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். விளையாட்டில் மேல்மட்டமான முதல் பிரிவுக் கல்லூரியில் ஆட, பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும் என்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே பார்க்க வேண்டிய விஷயம் அது. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதே இல்லை.

அந்த மூன்றாம் பிரிவை வைத்துத்தான் இவன் என்னோடு வாதாடுவான். லண்டன் ஃப்ளெட்சர் என்ற லைன்பேக்கர் ஐந்தடி பத்து அங்குலம், ஒஹாயோவில் ஜான் கரோல் என்ற சின்ன மூன்றாம் பிரிவுப் பல்கலைக்கழகம், 1998-இல், என்.எஃப்.எல். அணிகள் புதியவர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில் யாரும் எடுக்காமலேயே உள்ளே போய், 16 சீசனில் ஒரு ஆட்டம்கூட விடாமல் 256 ஆட்டம் ஆடினார் என்பான். இவனும் ஐந்தடி பத்துதான். உயரம் குறைந்த லைன்பேக்கர் இருக்கும் எல்லா வீட்டிலும் இந்தப் பெயர் ஒலிக்கும் என்று நினைக்கிறேன். நம்மவர் யாராவது என்று தேடியபோது பிராண்டன் சில்லர் என்ற லைன்பேக்கர் கிடைத்தார்: அப்பா இந்தியர், யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் ஆடி 2004-இல் நான்காம் சுற்றில் தேர்வானவர், 2011 பிப்ரவரியில் சூப்பர் பௌல் வென்ற கிரீன் பே அணியில் இருந்தார். ஆனால் அந்த இறுதி ஆட்டத்தின்போது காயப்பட்டோர் பட்டியலில் இருந்தார். சில மாதங்களில் அணி அவரை விடுவித்தது. நாட்டில் சுமார் பத்து லட்சம் பிள்ளைகள் பள்ளி ஃபுட்பால் ஆடுகிறார்கள். என்.எஃப்.எல். தேர்வில் எல்லா நிலைகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு இருநூற்றைம்பது சொச்சம் பேர். இந்தக் கணக்கைச் சொன்னால் பதினாறு வயது கேட்காது. எனக்கே பாதி நாள் கேட்கப் பிடிக்கவில்லை.

2023 மே மாதம், வசந்தகாலப் பயிற்சி. ஒரு டேக்கிளில் தலை குனிந்துவிட்டது. கழுத்தில் மின்சாரம் பாய்ந்தாற்போல் இருந்து இரண்டு கையும் மரத்துப்போனது. ஒரு கை மட்டும் எரிந்தால் பெரும்பாலும் நரம்பு இழுபட்டதாக இருக்கும், இரண்டு கை என்றால் தண்டுவடத்தைச் சந்தேகிக்க வேண்டும். டிரெய்னர் அவனை அசையவிடாமல் ஆம்புலன்ஸை அழைத்தார். நான் அலுவலகத்திலிருந்து போய்ச் சேர்வதற்குள் மரமரப்பு போய்விட்டது. எம்.ஆர்.ஐ.யில் நிரந்தரச் சேதம் இல்லை. ஆடலாமா என்று கேட்டதற்கு மருத்துவர், "அதை நான் ஒரு வார்த்தையில் சொல்ல மாட்டேன்" என்றார். அந்த ராத்திரி ஜூனியர் சௌ பற்றிப் படித்தேன். 20 சீசன் ஆடிய லைன்பேக்கர். 2012-இல், 43 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இறந்த பிறகு மூளையை ஆராய்ந்ததில், திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புடைய சி.டி.இ. நோய் தெரிந்தது. உயிரோடு இருப்பவருக்கு அந்த நோயை உறுதி செய்ய இன்றுவரை சோதனை இல்லை. ஆகவே எந்த ஸ்கேனும் எனக்கு நிம்மதி தரப்போவதில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

ஆகஸ்டில் வழக்கமான அனுமதிப் படிவம் வந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. மூன்று வாரம் என்னோடு பேசவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான். அவனுக்குப் பிடித்த லூக் கீக்லியின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன்: அந்த நிலையில் நாட்டிலேயே சிறந்தவர், பலமுறை தலையில் அடிபட்டு, 2020 ஜனவரியில் 28 வயதில் தானே விலகினார். இன்னொரு லைன்பேக்கர் கிறிஸ் போர்லண்ட் 2015-இல் ஒரே சீசனோடு, 24 வயதில், வாங்கிய ஒப்பந்த போனஸில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். "அவர்கள் ஆடிவிட்டுத்தானே விட்டார்கள்" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. பள்ளிக் கோச் அவனைக் கூப்பிட்டு, கோட்டுக்கு வெளியே நின்று புதிய மைக்குக்குச் சைகை காட்டும் வேலையைக் கொடுத்தார். அந்த மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். உங்கள் மகனை நிறுத்த நேர்ந்தால், அணியைவிட்டு முழுதாகப் பிரிக்காமல் ஒரு வேலை தர முடியுமா என்று நீங்களே போய்க் கேளுங்கள். ஆட்டத்தைவிட அந்தப் பையன்களை இழப்பதுதான் இவர்களை உடைக்கிறது. இப்போது அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சிவில் படிக்கிறான். சனிக்கிழமை ஃபோன் செய்து, டிவியில் ஓடும் ஆட்டத்தில் எந்த லைன்பேக்கர் தப்பான இடத்தில் நிற்கிறான் என்று எனக்கு வகுப்பு எடுக்கிறான்.

கடைசியாக ஆம்புலன்ஸ். 2022 முதல் அவசர சிகிச்சைக்கு வலைக்கு வெளியே உள்ள மருத்துவர் கூடுதல் பில் போடுவதை மத்தியச் சட்டம் தடுக்கிறது, ஆனால் தரைவழி ஆம்புலன்ஸ் அந்தச் சட்டத்துக்குள் வராது. எனக்கு வந்தது 1,640 டாலர். பல பள்ளி மாவட்டங்கள் விளையாட்டுக் காயங்களுக்கு இரண்டாம் நிலைக் காப்பீடு வைத்திருக்கும். நம் காப்பீடு கொடுத்தது போக மிச்சத்தை அது ஏற்கலாம். யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், படிவத்துக்குக் காலக்கெடு வேறு உண்டு. காயம்பட்ட வாரமே டிரெய்னரிடம் படிவம் கேளுங்கள். அக்டோபர் காயத்துக்கு எனக்குக் கெடு தாண்டிவிட்டது. மே மாதக் காயத்துக்கு விண்ணப்பித்தேன், ஆம்புலன்ஸில் 900 டாலரை ஏற்றுக்கொண்டார்கள். மீதியை விவரப் பட்டியல் கேட்டு, தவணைக்கு ஒப்புக்கொண்டு கட்டினேன். வட்டி போடவில்லை.